இருபது லிட்டர் கேனின் விலை

விலைக்கு விற்கப்படும் குடிநீர் தமிழ்நாட்டில் பல உருவங்களில் புழங்குகிறது. கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒன்றாக வைக்கப்படும் சிறு பாட்டில், பேருந்து நிலையக் கடையில் பனிப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டில், தடைக்குப் பிறகும் அங்கங்கே தலைகாட்டும் வாட்டர் பாக்கெட், காலையில் வீட்டு வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேன். பேச்சுவழக்கில் எல்லாமே ‘மினரல் வாட்டர்’தான். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் இரண்டு வகைகளைத் தெளிவாகப் பிரிக்கிறது. இயற்கை ஊற்றிலிருந்து எடுத்து, அதன் தாதுக்களை மாற்றாமல் அடைப்பது ஐ.எஸ். 13428 என்ற தரத்தின் கீழ் வரும் இயற்கைக் கனிம நீர். எந்த ஆதாரத்திலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்து அடைப்பது ஐ.எஸ். 14543-இன் கீழ் வரும் அடைக்கப்பட்ட குடிநீர். சென்னையில் கேனில் வருவது இந்த இரண்டாவது வகை. பெரும்பாலும் அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஊற்று நீர் என்று நம்பி வாங்கப்படுவது, ஏதோ ஒரு கிராமத்தின் நிலத்தடியிலிருந்து இறைக்கப்பட்டு, உப்பு நீக்கப்பட்டு வருகிறது. இந்தத் தொழில் சுற்றுச்சூழலிடமும் சமூகத்திடமும் வாங்கும் விலையைக் கணக்கிட அந்தக் கிராமத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் சிறிது வரலாறு. இந்தியாவில் தொழிலாக இது வேர்விட்டது 1965-இல், பம்பாயில். இத்தாலியப் பெயர் கொண்ட பிஸ்லேரி கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கப்பட்டு, பெரிய விடுதிகளுக்கு வருவோருக்காக விற்கப்பட்டது. 1969-இல் அதைப் பார்லே நிறுவனம் வாங்கியது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று நாடே வியந்த காலம் அது. கண்ணாடி போய்ப் பெட் பிளாஸ்டிக் வந்ததும் பாட்டிலின் எடையும் விலையும் இறங்கின. 1990களின் தாராளமயம் பன்னாட்டுக் குளிர்பான நிறுவனங்களையும் இந்தச் சந்தைக்குள் கொண்டுவந்தது. குளிர்பானத்துக்குச் சர்க்கரையும் சாரமும் வேண்டும், தண்ணீருக்கு அதுவும் வேண்டாம். லாரியும் கடைகளின் வலையும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. தமிழ்நாட்டில் பெரிய நிறுவனங்களைவிடச் சிறு ஆலைகளே வேகமாகப் பெருகின. ‘போர்’ எனப்படும் ஓர் ஆழ்துளைக் கிணறு, உப்பு நீக்கும் ஓர் ஆர்.ஓ. இயந்திரம், ஒரு மினி லாரி இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம்.

ஆலைக்குள் நடப்பது சிக்கலானதல்ல. போரிலிருந்து ஏறிய நீர் மணல் வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் கடந்து, மிக உயர்ந்த அழுத்தத்தில் ஆர்.ஓ. சவ்வின் வழியே தள்ளப்படுகிறது. பிறகு புற ஊதாக் கதிரும் ஓசோனும் கிருமிகளைக் கொல்கின்றன. சவ்வைக் கடந்த நீர் கேனுக்குப் போகிறது. கடக்காமல் நின்ற உப்புச்செறிந்த நீர் தனிக் குழாயில் வெளியேறுகிறது. அந்தக் குழாய்தான் கேனின் மேல் எழுதப்படாத கணக்கு. மூல நீரின் உப்பையும் இயந்திரத்தின் தரத்தையும் பொறுத்து, இறைத்ததில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ இவ்வாறு கழிகிறது. இருபது லிட்டர் கேன் ஒன்று கிளம்பும்போது நிலத்தடியிலிருந்து முப்பது, நாற்பது லிட்டர் ஏறியிருக்கும். கேன் கழுவவும் தரை கழுவவும் செலவாகும் நீர் இதற்கு மேல். கழிவு நீர் பக்கத்துக் கால்வாயிலோ காலி மனையிலோ விடப்பட்டால் அங்குள்ள மண்ணும் மேல்மட்டக் கிணறுகளும் சிறுகச் சிறுக உவர்ப்பாகின்றன. நல்ல தண்ணீரை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் உப்பை மட்டும் ஊர் வைத்துக்கொள்கிறது.

இப்படி இறைப்பது சட்டப்படி எப்படிச் சாத்தியமாகிறது? நிலத்தடி நீருக்கான உரிமை இந்தியாவில் நிலத்தோடு ஒட்டியது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அப்படித்தான் புரிந்துகொள்ளப்பட்டு வந்திருக்கிறது. தன் நிலத்தின் கீழ் இருப்பதை உடைமையாளர் இறைத்துக்கொள்ளலாம். ஏற்றமும் கமலையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில் அந்த உரிமையால் பெரிய தீங்கு விளையவில்லை. மாடு களைத்தால் இறைப்பு நின்றது. நீர்மூழ்கி மோட்டாருக்குக் களைப்பு இல்லை. நிலத்தடியில் வேலியும் இல்லை. அரை ஏக்கர் வாங்கியவர் சுற்றியுள்ள ஐம்பது ஏக்கரின் நீரை இழுத்துவிட முடியும். கடற்கரையை ஒட்டிய பகுதியில் விளைவு இன்னும் கொடியது. நன்னீர் மட்டம் இறங்கினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் வந்துவிடுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அது கேன் தொழிலுக்கு முந்தைய கதை. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்குமாக இறைத்ததன் விளைவு. அந்தப் பாடம் தெரிந்த பிறகுதான் சென்னையைச் சுற்றி இன்னொரு சுற்று இறைப்பு தொடங்கியது என்பது வேதனைக்குரியது.

சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-இல் தனியாக ஒரு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் 2013-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு அரசாணைகளாலும் தடையின்மைச் சான்றுகளாலும் நீதிமன்ற உத்தரவுகளாலும் காலம் ஓடுகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. தண்ணீர் ரயிலை வரவேற்ற அதே வாரங்களில் கேன் லாரிகளும் டேங்கர்களும் ஓய்வின்றி ஓடின. ரயில் வந்தது செய்தியானது. லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 2020 பிப்ரவரியில், உரிமமின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆலைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களில் நகரம் கேனுக்குத் தவித்தது. குடிநீருக்காக ஒரு பெருநகரம் எத்தனை தூரம் தனியாரை நம்பி நிற்கிறது என்பதை அந்த நாட்கள் காட்டின.

நீரை அடைத்து விற்கும் தொழிலுக்கும் ஊருக்கும் இடையிலான வழக்கு முழுமையாக விசாரிக்கப்பட்ட இடம் பிளாச்சிமடை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழும் புழங்கும் சிற்றூர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கேரளத்தின் பசுமையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு வறண்ட ஊராகத் தெரியும். ஊராட்சி உரிமம் கொடுத்ததன் பேரில் 2000-இல் கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை அங்கே இயங்கத் தொடங்கியது. அது முதன்மையாகக் குளிர்பான ஆலை. ஆனாலும் நிலத்தடி நீரை எடுத்து அடைத்து விற்பது பற்றிய எல்லாக் கேள்விகளும் அங்கேதான் எழுந்தன. ஓராண்டு, இரண்டாண்டுக்குள் சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணற்று நீர் மாறியது. அரிசி வேகவில்லை, பருப்பு குழையவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது என்று பெண்கள் சொன்னார்கள். ஆய்வகம் பின்னால் சொன்னதை அடுப்படி முதலில் சொல்லிவிட்டது. நல்ல தண்ணீருக்காகக் குடத்துடன் நெடுந்தொலைவு நடப்பது அன்றாட வேலையாயிற்று. அந்த நேரம் அவர்களின் கூலி நேரத்திலிருந்து பிடுங்கப்பட்டது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே ஓலைப்பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். முன்னின்றவர்களில் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மாவும் ஒருவர். அவருக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. தன் வீட்டுக் கிணற்றை அவர் அறிந்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. 2003-இல் பெருமாட்டி ஊராட்சி, கொடுத்த உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு, ஆலையின் கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பதைப் பி.பி.சி. வானொலி வெளிக்கொணர்ந்தது. அந்தச் சேறுதான் உரம் என்று சொல்லி அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு, 1882-இலிருந்து வந்த பழக்கத்தை அசைத்துப் பார்த்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே, அளவுக்கு மீறி எடுப்பதை அனுமதிக்கும் உரிமை அறங்காவலருக்கு இல்லை என்றது அத்தீர்ப்பு. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு இதை ஏற்காமல், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ஆலையோ 2004 மார்ச்சில் மூடப்பட்டதிலிருந்து பழையபடி இயங்கவே இல்லை. 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, ஊருக்கு நேர்ந்த சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. விளைச்சல் இழப்பு, உடல்நலக் கேடு, நீர்வளச் சீர்கேடு, இழந்த கூலி ஆகியவை அந்தக் கணக்கில் அடங்கும். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. ஆலையை மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017-இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னதோடு வழக்கு முடிந்தது. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார். ஊர் ஆலையை மூடியது, ஆனால் இழந்ததன் விலையை இன்னும் பெறவில்லை.

நிலத்தடி நீருக்கு விலையே இல்லை என்றால், ஆற்று நீருக்குக் கொடுக்கப்பட்ட விலையும் கவனிக்கத்தக்கது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட் தொழில் வளாகத்தில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கப்பட்டது. லிட்டருக்கு மூன்றே முக்கால் காசு. அதே லிட்டர் பாட்டிலில் இருந்தால் அன்று இருபது ரூபாய், ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆலைகளுக்குக் கொடுப்பது உபரி நீர் என்பது அரசின் வாதம். பிசானப் பருவ நெல்லுக்கு நீர் வருமா வராதா என்று அணையின் மட்டத்தைத் தினமும் நாளிதழில் பார்க்கிற விவசாயிக்கு ‘உபரி’ என்ற சொல் விளங்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆலைகளுக்கு நீர் கொடுக்க 2016 நவம்பரில் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதை விலக்கியது. அந்த மார்ச் மாதத்தில்தான் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தன. முன்னதாக 2015 ஏப்ரலில், கொங்குப் பகுதியின் பெருந்துறையில் அமையவிருந்த குளிர்பான ஆலைக்கான நில ஒதுக்கீடு மக்கள் எதிர்ப்புக்குப் பின் ரத்தானது. பிளாச்சிமடையின் செய்தி கொங்குச் சீமைக்கு எட்டியிருந்தது.

நீருக்கு அடுத்தது பாட்டில். பெட் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கும் பாலியெத்திலீன் டெரிப்தாலேட். ஒரு லிட்டர் பாட்டில் நீரை உருவாக்கி, அடைத்து, கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் ஆற்றல், குழாய் நீருக்கு ஆவதைப்போல இரண்டாயிரம் மடங்கு வரை இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் பசிபிக் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டார்கள். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் ஓராண்டில் வாங்குவது ஏறத்தாழ 35,000 கோடி லிட்டர் பாட்டில் நீர். அதற்காகச் செய்யப்படும் பாட்டில்கள் சுமார் 60,000 கோடி, அவற்றால் விளையும் பிளாஸ்டிக் கழிவு இரண்டரைக் கோடி டன். மலைக்க வைக்கும் எண்கள். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் இதைவிடத் தெளிவாகச் சொல்லும். பந்தி முடிந்ததும் இலையோடு சேர்த்துச் சுருட்டப்பட்ட சிறு பாட்டில்கள் கூடை கூடையாக வருகின்றன. பலவற்றில் பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும். இரண்டு மிடறு குடித்துவிட்டுச் சாப்பிட்டவர் எழுந்து போயிருப்பார். செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்த காலத்தில் மிஞ்சிய நீர் செம்பிலேயே இருந்தது, அடுத்த பந்திக்குப் போயிற்று. இப்போது சாம்பாரும் பாயசமும் படிந்த அந்த நெகிழியைக் காயலான் கடைக்காரரும் வாங்கத் தயங்குகிறார். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பழைய பொருள் சந்தையில் விலை உண்டு, குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் அதை விடமாட்டார்கள். இந்தியாவில் பெட் மறுசுழற்சி ஓரளவு நடக்கிறது என்றால் அது அவர்களின் கைகளால். அழுக்கேறிய சிறு பாட்டிலும் மூடியும் மேலுறையும் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிகளில் வாட்டர் பாக்கெட்டும் ஒன்று. பாட்டில் பட்டியலில் இல்லை. கட்டடத் தொழிலாளியும் திருவிழாக் கூட்டமும் வாங்கிய மலிவுப் பொருள் தடைக்குள் வந்தது, வசதியுள்ளவர் வாங்கும் பொருள் தப்பித்தது. தடை தேவையானதே. ஆனால் அது எங்கே நின்றது என்பதில் ஒரு சமூக அநீதி இருக்கிறது.

இத்தனை விலை கொடுத்து வாங்குவது சுத்தமான தண்ணீர்தானா? 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் இருந்த பாட்டில் நீரில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தைக் கண்டது. வயலில் தெளித்தது நிலத்தடிக்கு இறங்கி, ஆலையின் போர் வழியே பாட்டிலுக்கு ஏறியிருந்தது. அதன் பிறகு பூச்சிக்கொல்லி வரம்பு கடுமையாக்கப்பட்டது. 2018-இல் இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்த நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, 93 விழுக்காட்டில் நுண்நெகிழித் துகள்களைக் கண்டது. 2024-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமான கருவியால் பார்த்தபோது லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துகள்கள் தெரிந்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவினது. இவை உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஒன்று நிச்சயம்: பாட்டிலும் மூடியும் வடிகட்டியின் சவ்வும்கூட இத்துகள்களின் ஊற்றாகலாம் என்று அந்த ஆய்வுகள் காட்டின. பெட் தயாரிப்பில் சேரும் ஆன்டிமனி, வெப்பம் ஏற ஏறக் கூடுதலாக நீரில் கசியும். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த பாட்டில் கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கேனின் சிக்கல் வேறு மாதிரி. அது திரும்பத் திரும்ப நிரப்பப்படுவதால் பாட்டிலைவிடக் குறைந்த கழிவைத் தருகிறது, அந்த அளவுக்கு அது நல்லது. ஆனால் ஒரு கேன் எத்தனை முறை நிரப்பப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அடிப்பாகம் தரையில் உராய்ந்து வெளுத்திருக்கும், பக்கங்களில் கீறல், கழுத்தின் வளைவில் விரல் போகாத இடத்தில் மெல்லிய பச்சை. புது மூடியும் சூடேற்றிச் சுருக்கிய சீலும் மட்டும் பளபளப்பாக இருக்கும். வாங்குபவர் பார்ப்பது சீலைத்தான். அடைக்கப்பட்ட குடிநீருக்கு இந்தியத் தரமுத்திரை 2001 மார்ச் இறுதியில் கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, அடுத்த மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்நீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பிரிவில் சேர்த்தது. இனி ஆண்டு ஆய்வு அந்த ஆணையத்தின் பொறுப்பு. குடிசைத் தொழில்போலப் பெருகிவிட்ட ஆலைகளை எண்ணி முடிக்கவே அதற்கு ஆட்கள் போதுமா என்பது நியாயமான கவலை.

இருபது லிட்டர் நீரின் எடை இருபது கிலோ. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு அது ஓர் இளைஞனின் தோளில் ஏறுகிறது. ஒரு தோளில் ஒரு கேன், மறு கையில் இன்னொன்று. கேனுக்குக் கிடைக்கும் சில ரூபாய்தான் அவருடைய வருமானம், முதுகு தேய்வதற்கு ஈடு கிடையாது. வாங்கும் வீட்டின் கணக்கும் லேசானதல்ல. நான்கு பேர் குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்கு ஒரு கேன் வாங்கினால் மாதம் பதினைந்து. கேன் நாற்பது ரூபாய் என்றால் அறுநூறு ரூபாய். சம்பளக்காரர் வீட்டில் அது தெரியாமல் போய்விடும் செலவு. கூலிக்குப் போகும் வீட்டில் அப்படியல்ல. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் குடும்பம், அந்த அரிசியை வேகவைக்கும் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறது. காசு இல்லாத வாரத்தில் பெரியவர்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, கேனைக் குழந்தைக்கென்று ஒதுக்குகிறார்கள்.

குழாய்த் தண்ணீர் மீதான அவநம்பிக்கை ஆதாரமற்றதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்கு 1872-இலேயே நீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் இன்றும் சுத்தமாகத்தான் கிளம்புகிறது, கெடுவது வழியில். நாளில் சில மணி நேரமே நீர் ஓடும் குழாய் மற்ற நேரத்தில் காலியாக, அழுத்தமின்றிக் கிடக்கிறது. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போகும். இணைப்பில் சிறு விரிசல் இருந்தாலும் கசிவு உள்ளே இழுக்கப்படும். வீடுதோறும் கைப்பம்பும் மோட்டாரும் போட்டு உறிஞ்சும்போது இழுப்பு இன்னும் கூடுகிறது. மறுநாள் காலை குழாயில் முதலில் வருவது கலங்கலும் நாற்றமும். அந்த முதல் குடத்தைப் பார்த்த குடும்பம் கேனுக்குச் சொல்லிவிடுகிறது.

கேன் வந்ததும் குழாய் இன்னும் பலவீனப்படுகிறது. இந்தத் தொழில் விளைவிக்கும் ஆழமான சமூகச் சேதம் இதுவே. தெருவில் குழாய் கெட்டால் முன்பு வக்கீல் வீடும் வண்ணார் வீடும் சேர்ந்து குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போயின. இப்போது அதிகாரியை அறிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர், செய்தித்தாளுக்குச் சொல்லக்கூடியவர் எல்லோரும் கேனுக்கு மாறிவிட்டார்கள். குழாயடியில் மிஞ்சியிருப்பவர்களின் குரல் அலுவலகத்தின் மாடிக்கு ஏறுவதில்லை. அரசும் அதே பாதையில் நடந்தது. 2013 செப்டம்பரில் தொடங்கிய அம்மா குடிநீர்த் திட்டம் கும்மிடிப்பூண்டியில் நீரை அடைத்துப் பேருந்து நிலையங்களில் லிட்டர் பத்து ரூபாய்க்குக் கொடுத்தது. வெளியில் இருபது ரூபாய் விற்ற காலத்தில் அது பயணிகளுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் அதே பேருந்து நிலையத்தில் இலவசக் குழாய் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நீலப் பாட்டிலோடு சேர்ந்து மங்கியது. ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் வைத்த நாட்டில், நல்ல தண்ணீர் என்றால் விலைக்குத்தான் என்பதை ஒரு தலைமுறை இயல்பாக எடுத்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

மாற்றம் முயலப்பட்ட இடங்களும் உண்டு. சிக்கிம் 2022 ஜனவரி 1 முதல் சிறு தண்ணீர் பாட்டில்களை விலக்கியது. நீலகிரி மாவட்டம் 2019 ஆகஸ்ட் 15 முதல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களைத் தடுத்து, சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம்.களை வைத்தது. மலையேறும் வாகனங்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பாட்டிலைப் பிடுங்குவது எளிது. ஆனால் சாலையோர ஏ.டி.எம். ஓடாமல் நின்றால் பயணி மறுபடியும் கடைக்குத்தான் போவார் என்பதால், தடையின் உயிர் அந்த இயந்திரத்தின் பராமரிப்பில் இருக்கிறது. ஒடிசாவின் பூரி நகரம் பாட்டிலை விட்டுவிட்டுக் குழாயைப் பிடித்தது. 2021 ஜூலையில், குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் தரும் இந்தியாவின் முதல் நகரமானது. செய்தது ஒன்றும் விந்தையல்ல. கசியும் குழாய்களை மாற்றினார்கள், இரவும் பகலும் குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள், நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள், வீடுகளுக்கு மீட்டர் வைத்தார்கள். எப்போதும் நிறைந்திருக்கும் குழாய்க்குள் வெளியிலிருக்கும் கழிவு நுழைய வழியில்லை. ஜகந்நாதர் கோயிலுக்கு வரும் பக்தர்களுக்காகத் தெருவில் குடிநீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன. தேர்த் திருவிழாவுக்கு வந்தவர் அங்கே கையை ஏந்திக் குடித்துவிட்டு நடக்கிறார்.